நாயோடு ஆர்.வி. பயணம்: ராத்திரி பிரச்சினை இல்லை, பகல்தான் பிரச்சினை

கேள்வி: டென்வரில் இருக்கிறோம். ஜூலையில் ஆர்.வி. (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காக்களுக்குப் போகத் திட்டம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். ஷெல்டர் எனும் விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கும் கலப்பின நாய் ஒன்று, பார்க்கப் பிட்புல் ஜாடை. நாங்கள் பார்த்த கேம்ப்கிரவுண்ட் (வண்டி நிறுத்தித் தங்கும் இடம்) எல்லாமே ‘பெட் பிரெண்ட்லி’ என்றுதான் போட்டிருக்கிறது. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா? மகன் பேரில் ‘எமோஷனல் சப்போர்ட்’ கடிதம் ஒன்றை ஆன்லைனில் வாங்கி வைத்துக்கொண்டால் உதவுமா?

பதில்:

கடிதம் உதவாது, காசைக் கரைக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதல் கேள்விதான் பெரியது.

‘பெட் பிரெண்ட்லி’ என்றால் ராத்திரி அங்கே நாய் தங்கலாம், அவ்வளவுதான். பகலில் நீங்கள் வெந்நீர் ஊற்று பார்க்கப் போகும்போது நாய் கூட வரலாமா? வரக்கூடாது என்றால் அதை விட்டுவிட்டுப் போகலாமா? இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள், அந்தப் பலகை இரண்டுக்குமே பதில் சொல்வதில்லை. யெல்லோஸ்டோனில் முதல் கேள்விக்குப் பதில் ‘கூடாது’. இரண்டாவதற்குப் பதில் ‘கொஞ்ச நேரம், அதுவும் நிபந்தனையோடு’. நாயோடு போகும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம் ஒன்று இருக்கிறது. நாய் 6 அடிக்கு மேற்படாத லீஷில் (கையில் பிடிக்கும் வாரில்) இருக்க வேண்டும், அல்லது கூண்டிலோ வண்டிக்குள்ளோ இருக்க வேண்டும். மரத்திலோ மேசைக்காலிலோ கட்டிவிட்டு ஆள் இல்லாமல் போகக்கூடாது. பொதுக் கட்டடங்களுக்குள்ளும் ஷட்டில் பஸ்ஸிலும் ஏற்றக்கூடாது. இழுத்தால் நீளும் லீஷ் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஆறடிக்கு மேல் நீண்ட மாத்திரத்தில் அது சட்டமீறல், பக்கத்தில் ரேஞ்சர் நின்றால் சொல்லிவிடுவார். இதற்கு மேல் ஒவ்வொரு பூங்காவும் தன் நிலத்துக்கேற்பக் கூட்டிக்கொள்கிறது. யெல்லோஸ்டோனில் சாலை, பார்க்கிங், கேம்ப்கிரவுண்ட் இவற்றிலிருந்து 100 அடிக்குள் மட்டுமே நாய் வரலாம். நடைபாதைகள், மரப்பலகைப் பாலங்கள், வெந்நீர் ஊற்றுப் பகுதிகள் எதிலும் கால் வைக்கக்கூடாது. கிராண்ட் டீட்டன் இன்னும் இறுக்கம்: சாலையிலிருந்து 30 அடி. சைக்கிள் ஓட்டப் போட்டிருக்கும் தார்ப்பாதையில்கூட நாய்க்கு அனுமதி இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ராக்கி மவுண்டன் பூங்காவுக்கு நாயைக் கூட்டிப்போயிருந்தால் இதே அனுபவம் இருந்திருக்கும். அங்கேயும் டிரெயில் எனும் நடைபாதை எதிலும் நாய்க்கு இடமில்லை.

நம் வீட்டு நாய் சாது, ஒன்றும் செய்யாது என்று எல்லோரும் சொல்வோம். யெல்லோஸ்டோனில் பயம் நாய் என்ன செய்யும் என்பதைவிட நாய்க்கும் உங்களுக்கும் என்ன ஆகும் என்பதில்தான். 1981 ஜூலையில் ஃபவுண்டன் பெயிண்ட் பாட் பார்க்கிங்கில் நின்றிருந்த ஒரு வண்டியிலிருந்து நாய் தாவி ஓடி, செலஸ்டின் ஊற்றுக்குள் குதித்துவிட்டது. தண்ணீரின் வெப்பம் ஏறக்குறைய 202 டிகிரி ஃபாரன்ஹீட். நாயைக் காப்பாற்ற அதன் சொந்தக்காரரின் நண்பர், 24 வயது இளைஞர், தலைகீழாகப் பாய்ந்தார். நாய் உள்ளேயே செத்தது. அவர் மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். 2021 அக்டோபரில் கிட்டத்தட்ட அதே கதை மெய்டன்ஸ் கிரேவ் ஊற்றில் நடந்தது. வண்டியிலிருந்து குதித்த நாயைப் பிடிக்க இறங்கிய 20 வயதுப் பெண்ணுக்குத் தோளிலிருந்து பாதம் வரை தீக்காயம். நாய் பிழைக்கவில்லை. இரண்டிலும் நாய் மரப்பலகைப் பாலத்தில் நடந்துகொண்டிருக்கவில்லை, வண்டியிலிருந்து நழுவியது. அதனால் உங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: லீஷை மாட்டி, அதன் மறுமுனை ஒரு பெரியவர் கையில் இருக்கும்வரை ஆர்.வி.யின் எந்தக் கதவும் திறக்கக்கூடாது. பிள்ளைகளிடம் இதைப் பயணத்துக்கு முன்பே பழக்குங்கள். ஆர்.வி.யின் கொசுவலைக் கதவை நம்பாதீர்கள். நடுத்தர அளவு நாய் ஒன்று மூக்கால் முட்டினாலே அது திறந்துகொள்ளும்.

அப்புறம் விட்டுவிட்டுப் போகும் விஷயம். யெல்லோஸ்டோன் நிர்வாகம், சாலையோரக் காட்சிகளைப் பார்க்கும் நேரம் நாய் வண்டிக்குள் இருக்கலாம், காற்றோட்டம் போதுமாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு நாலு மணி நேர நடைக்குக் கிளம்பிவிடக் கூடாது. அது அரைமணிக்குள் முடியும் காரியங்களுக்கான சலுகை. மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறிவிடும். யெல்லோஸ்டோன் மேட்டு நிலம், ஜூலை ராத்திரியில்கூட ஸ்வெட்டர் கேட்கும். ஆனால் மத்தியான வெயில் நேராக விழும்.

ஆர்.வி.யில் ஏசி இருக்கிறதே என்பார்கள். ஏசிக்கு மின்சாரம் வேண்டுமே. பூங்காவுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றும் இணைக்க வசதியுள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க். மற்ற கேம்ப்கிரவுண்டுகளில் ஜெனரேட்டரைத்தான் நம்ப வேண்டும், அதை ஓட்டவும் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, சில இடங்களில் அறவே கூடாது. வெளியே தனியார் பார்க்கில் மின்சாரம் இருந்தாலும் 30 ஆம்ப் இணைப்பில் ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழக்கூடும். வெயிலில் எல்லா வண்டிகளும் ஏசி போடும் மத்தியானத்தில் வோல்டேஜ் இறங்குவதும் சகஜம். நீங்கள் இருபது மைல் தள்ளி இருக்கும்போது இது நடந்தால் யார் பார்ப்பது? செல்போன் சிக்னல் வழியாக ஆர்.வி.க்குள் இருக்கும் வெப்பத்தைச் சொல்லும் கருவிகள் விற்கிறார்கள், நல்லவைதான். ஆனால் பூங்காவின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. செய்தி அனுப்பக் கருவிக்கும் சிக்னல் வேண்டும், வாங்க உங்களுக்கும் வேண்டும்.

நாய்க்கு உண்மையிலேயே சந்தோஷமான இடம் பூங்காவின் எல்லையைத் தாண்டியவுடன் தொடங்குகிறது. யெல்லோஸ்டோனைச் சுற்றியிருக்கும் காடுகள் பெரும்பாலும் தேசிய வனங்கள்: மேற்கிலும் வடக்கிலும் கஸ்டர் கலாட்டின், தெற்கில் பிரிட்ஜர் டீட்டன், கிழக்கில் ஷோஷோனி, ஐடஹோ பக்கம் கரிபூ டார்கீ. அதே பைன் மரம், அதே மலைதான். ஆனால் பூங்காக்கள் ‘இன்டீரியர்’ துறையின் கீழ் வருபவை, வனத்துறையோ வேளாண்துறையின் கீழ் வருவது. அதன் விதிகளும் வேறு. கேம்ப்கிரவுண்டுக்குள் லீஷ் கட்டாயம், ஆனால் பெரும்பாலான டிரெயில்களில் நாயோடு நடக்கலாம். அமெரிக்காவில் நாய் விதிகளைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது ‘இந்த நிலம் யாருடையது’ என்பதுதான். வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊருக்கு வடக்கே இருக்கும் பேக்கர்ஸ் ஹோல் போன்ற வனத்துறை கேம்ப்கிரவுண்டில் தங்கினால் நாய்க்குக் காலை நடை கிடைக்கும், உங்களுக்குப் பூங்கா வாசலும் பக்கம்.

தேசியப் பூங்காக்களிலும் எல்லாமே இப்படி அல்ல. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் மேல்மட்ட நடைபாதையில் நாய் நடக்கலாம், பள்ளத்துக்குள் மட்டும் இறங்கக்கூடாது, நாயை விட்டுச்செல்ல அங்கேயே ஒரு கென்னலும் உண்டு. ஷெனண்டோவாவில் பெரும்பாலான பாதைகள் நாய்க்குத் திறந்தே இருக்கின்றன. மெயின் மாநிலத்தின் அகேடியாவில் சுமார் 100 மைல் டிரெயிலும் 45 மைல் வண்டிப்பாதையும் உண்டு. சயானில் ஒரே ஒரு பாதை, பாரஸ். ஸ்மோக்கி மலையில் இரண்டு. நாயை மையமாக வைத்து ஒரு விடுமுறை வேண்டும் என்றால் நான் அகேடியாவைத்தான் சொல்வேன். யெல்லோஸ்டோனைச் சொல்லவே மாட்டேன். ஆனால் அப்பா அம்மா யெல்லோஸ்டோனின் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் பீச்சும் ஊற்றைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார்கள், அதை நாய்க்காக மாற்றச் சொல்ல நான் யார்.

டென்வரிலிருந்து போகும் வழியில் ஓரிரு ராத்திரி தனியார் ஆர்.வி. பார்க்குகளில் தங்குவீர்கள். உங்கள் நாயின் ஜாடை பிரச்சினையாவது இங்கேதான். தேசியப் பூங்காவோ வனத்துறையோ இனம் பார்ப்பதில்லை. தனியார் பார்க்குகள் பலவும் பார்க்கின்றன. பிட்புல், ராட்வைலர், டாபர்மேன் என்று பட்டியல் வைத்திருப்பார்கள், ‘இவற்றின் கலப்பினமும்’ என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். முதலாளிக்கு நாய் பிடிக்காது என்பதால் அல்ல. பெரும்பாலும் அவர்களுடைய காப்பீட்டு நிறுவனம் போட்ட நிபந்தனை. அந்த இன நாய் அங்கே ஒருவரைக் கடித்தால் காப்பீடு கைவிரித்துவிடும். அதனால் வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் ‘எங்கள் நாய் குழந்தை மாதிரி’ என்று கெஞ்சிப் பயனில்லை. அவருக்கும் அதில் அதிகாரம் கிடையாது.

டென்வர்க்காரர் என்பதால் இன்னொன்று. உங்கள் நகரமே 1989 முதல் பிட்புல்லைத் தடை செய்திருந்தது. 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து அதைத் தளர்த்தினார்கள், இப்போது அனுமதிச்சீட்டோடு வளர்க்கலாம். நகரத்தில் சீட்டு இருக்கிறதே என்று வயோமிங்கில் ஒரு தனியார் பார்க்கில் காட்டினால் செல்லாது. சொல்லப்போனால் அது எதிராகவே போகும், இது அந்த இனம்தான் என்று நீங்களே எழுத்தில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ரேபிஸ் ஊசிச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் இனம் என்ற இடத்தில் கால்நடை மருத்துவர் என்ன எழுதியிருக்கிறார்? பல பார்க்குகளில் அந்தக் காகிதத்தைத்தான் கேட்டு வாங்கிப் படிப்பார்கள். ஷெல்டரில் கண்ணால் பார்த்து ஊகித்து எழுதியதே அப்படியே தொடர்ந்து வந்திருக்கலாம். தவறு என்று மருத்துவருக்கும் தோன்றினால் திருத்தித் தருவார். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள், பொய்யாக மாற்றச் சொல்லக் கூடாது.

கே.ஓ.ஏ. போன்ற பெரிய கேம்ப்கிரவுண்ட் நிறுவனம் என்றாலும் தொலைபேசியில் கேளுங்கள். 1962-ல் மொண்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கிய நிறுவனம், நாய்களுக்கு வேலி போட்ட விளையாட்டிடம் பல கிளைகளில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான கிளைகள் தனித்தனி முதலாளிகளுடையவை, ஒரு கிளையில் கேட்டதை வைத்து அடுத்த கிளைக்கு முடிவெடுக்க முடியாது. கேட்கும்போது ‘நாய்க்கு அனுமதி உண்டா’ என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் வரும். நாயின் இனத்தையும் எடையையும் சொல்லிக் கேளுங்கள். ஆர்.வி.க்குள் பூட்டி விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போகலாமா என்று கேளுங்கள். குரைத்தால் உங்களைக் கூப்பிடுவார்களா, இல்லை நேராகக் காலி பண்ணச் சொல்வார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டால் வாசலில் தகராறு இருக்காது. திருப்பி அனுப்பினால் முன்பணம் வராது என்று பல பார்க்குகளின் நிபந்தனையில் இருக்கும்.

மற்ற விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஒரு வண்டிக்கு இரண்டு பிராணிகள் என்பது வழக்கமான கணக்கு, பூனையும் அதில் சேரும். கேபின் எடுத்தால் பெரும்பாலும் நாய்க்கு அனுமதி இல்லை, அல்லது தனிக் கட்டணம். மடக்கும் வேலி போட்டு நாயை உள்ளே விடுவதைப் பல பார்க்குகள் தடுக்கின்றன. வேலி போட்டவர் உள்ளே போய்த் தூங்கிவிடுகிறார், நாய் வருகிறவர் போகிறவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே கிடக்கிறது என்பது அவர்கள் குறை. நியாயமான குறைதான். கூடாரத்துக்குள் நாயைத் தனியாக விடுவதும் பெரும்பாலும் கூடாது.

இப்போது கடிதம். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சர்வீஸ் அனிமல் என்பது, ஒருவருடைய உடல் அல்லது மனக் குறைபாட்டுக்காகக் குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யப் பயிற்சி பெற்ற நாய். பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது, வலிப்பு வரும்போது உதவுவது போன்றவை. பக்கத்தில் இருந்து ஆறுதல் தருவது மட்டும் அந்த வரையறைக்குள் வராது. அதனால் எமோஷனல் சப்போர்ட் நாய் கேம்ப்கிரவுண்டில் வெறும் வளர்ப்பு நாய்தான், தேசியப் பூங்காவிலும் அதே நிலை. உண்மையான சர்வீஸ் நாய்க்கு இனத் தடை கிடையாது, கட்டணம் கிடையாது, சான்றிதழும் கேட்கக்கூடாது. ஊழியர்கள் இரண்டு கேள்விதான் கேட்கலாம்: குறைபாட்டுக்காகத் தேவைப்படும் சர்வீஸ் நாயா, என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றது. இந்தச் சலுகையைப் பார்த்துத்தான் ஆன்லைன் கடைகள் கடிதமும் சிவப்புக் கோட்டும் விற்கின்றன. சட்டம் எந்தச் சான்றிதழையும் கேட்காதபோது விலைக்கு வாங்கும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? வளர்ப்பு நாயைச் சர்வீஸ் நாய் என்று தெரிந்தே சொல்வது கொலராடோ உட்படப் பல மாநிலங்களில் அபராதத்துக்குரிய குற்றமும்கூட. வீட்டு வாடகையில் அந்தக் கடிதத்துக்கு இடம் உண்டு, ஆனால் அது வேறு சட்டம், அதுவும் உண்மையாகச் சிகிச்சை அளிப்பவர் தந்த கடிதத்துக்கு.

சரி, உங்கள் குடும்பத்துக்கு என்ன செய்யலாம்? பலர் முதலில் யோசிப்பது ‘அம்மா நாயோடு வண்டியில் இருக்கட்டும்’ என்பது. பத்தாயிரம் மைல் பறந்து வந்தவரை நாய்க்குக் காவல் வைப்பது சரியாகப் படவில்லை. காட்டெருமை சாலையோரம் மேயும் ஊரில், பலமான நாயின் லீஷை வயதானவர் கையில் கொடுப்பதும் ஆபத்து. காட்டெருமையிடமிருந்து 25 கஜம், கரடி, ஓநாய்களிடமிருந்து 100 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. குரைக்கும் நாய் அந்தத் தூரத்தை ஒரே நொடியில் இல்லாமல் ஆக்கிவிடும்.

முறை வைத்துக்கொள்ளுங்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பொங்குகிறது. முதல் பொங்கலுக்குக் கணவரும் பெற்றோரும் போகட்டும், மனைவியும் பிள்ளைகளும் நாயோடு பார்க்கிங் பக்கம் இருக்கட்டும். அடுத்ததற்கு மாறிக்கொள்ளலாம். காத்திருக்கும் நேரத்தில் சாப்பாட்டு வேலையும் முடிந்துவிடும். ஹேடன், லமார் பள்ளத்தாக்குகள் நாய் உள்ள குடும்பத்துக்கென்றே அமைந்த மாதிரி. விடியற்காலையில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, ஜன்னலிலிருந்தே காட்டெருமைக் கூட்டத்தைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் ஓநாயும் தெரியும். நாய் உள்ளேயே இருக்கும், யாரும் காவலுக்கு நிற்க வேண்டாம். மிட்வே ஊற்றுப் பகுதிக்கு மட்டும் பெரிய வண்டியோடு மத்தியானத்தில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்ற நேரும்.

நீண்ட நடை ஒன்றாவது எல்லோரும் சேர்ந்து போக ஆசை என்றால், அந்த ஒரு நாளைக்கு நாயைப் போர்டிங்கில் (காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) விடுவதே நல்லது. பூங்காவுக்குள் கென்னல் இல்லை. வெஸ்ட் யெல்லோஸ்டோன், போஸ்மன், ஜாக்சன், கோடி பக்கம் விசாரியுங்கள். ரேபிஸ், டிஸ்டெம்பர் ஊசிகளோடு போர்டெடெல்லா என்ற கென்னல் இருமல் ஊசியும் கேட்பார்கள். கிளம்பும் நாளில் போட்டால் சில இடங்களில் ஏற்கமாட்டார்கள், இப்போதே போட்டுவிடுங்கள்.

கரடி நாட்டில் நாய்ச்சோறும் சாப்பாட்டுக் கணக்குதான். கிண்ணத்தில் மிச்சம் வைத்து வெளியே விடக்கூடாது, மூட்டையை வண்டிக்குள்ளோ இரும்புப் பெட்டியிலோ வைக்க வேண்டும், கழுவாத கிண்ணமும் அப்படியே. ஆற்றங்கரையில் பச்சையாகப் பாசி படர்ந்த தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். 2020-ல் சயானின் வர்ஜின் ஆற்றில் பாசி நஞ்சால் ஒரு நாய்க்குட்டி இறந்தது. ஆர்.வி.யில் பக்கச்சுவர் வெளியே நீளும் ஸ்லைடு இருந்தால், அதை உள்ளே இழுக்கும் முன் நாய் எங்கே என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். அந்த இடுக்கு நாய்கள் ஒதுங்கப் பிடித்த இடம். ஓடும்போது நாய் கூண்டிலோ, சீட்டோடு சேர்த்துக் கட்டும் வாரிலோ இருக்கட்டும். தனியாரிடமிருந்து வண்டி எடுக்கும் அவுட்டோர்சி, ஆர்.வி.ஷேர் மாதிரியான தளங்களில் நாய்க்கு அனுமதி தருவது வண்டி உரிமையாளரின் விருப்பம். ஒப்பந்தத்தில் முடி சுத்தம் செய்யும் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தப் பக்கமே கனடாவின் பான்ஃப் வரை போய்வரலாம் என்று யாராவது ஆசை காட்டினால், திரும்பி வரும்போது நாய்க்கும் தாள் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்குள் வரும் எந்த நாயும் ஆறு மாதம் நிரம்பி, மைக்ரோசிப் வைத்து, அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் இறக்குமதிப் படிவம் நிரப்பிய ரசீதோடு வர வேண்டும், அமெரிக்காவிலிருந்து போய்த் திரும்பும் நாயும் அதில் சேர்த்தி. படிவத்தை இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் இல்லை.

முன்பதிவில் வரிசையை மாற்றிப் பாருங்கள். எல்லோரும் முதலில் கேம்ப்சைட், கடைசியில் நாய் என்று போவார்கள். ஜூலையில் போர்டிங் இடங்களும் நிரம்பிவிடும். எந்த ஊரில் நாய்க்கு ஒருநாள் இடம் கிடைக்கிறதோ, அந்த ஊர்ப் பக்கத்து வாசலில் கேம்ப்சைட் தேடுங்கள். ஃபிஷிங் பிரிட்ஜ் கிடைத்தால் இரண்டு ராத்திரிக்கு எடுத்து, மீதியை வெளியே வனத்துறை இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.